ஒளிர்ந்தால் மட்டும் போதுமா? வால்வைச் சோதிக்க நாமே ஒரு கருவி செய்வோம்

பழைய வானொலியின் பின்புறத்தில் செம்மஞ்சளாக ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டுப் பெரியவர்கள் அவற்றை ‘வால்வு’ என்பார்கள். வெற்றிடக் குழாய் என்பது அதன் அறிவியல் பெயர். டிரான்சிஸ்டர் வந்தபின் பெரும்பாலான கருவிகளிலிருந்து அவை மறைந்துவிட்டன. ஆனாலும் கித்தார் ஆம்ப்ளிஃபையர்களுக்காக ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வுகள் தயாராகின்றன.

ஆம்ப்ளிஃபையரின் ஒலி மங்கிவிட்டது. வால்வு ஒளிர்கிறது. அப்படியானால் வால்வில் பழுது இல்லை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் பார்க்கும் ஒளி, சூடேற்றும் இழையின் ஒளி. அந்த இழையின் வேலை, தன்னைச் சுற்றியுள்ள கேத்தோடைச் சூடாக்குவது. கேத்தோடின் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகள் பூசப்பட்டிருக்கும். சூடானதும் அந்தப் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படும். நேர்மின்னழுத்தம் உள்ள ஆனோடு அவற்றை இழுத்துக்கொள்ளும். பிளெமிங் 1904இல் உருவாக்கிய டயோடு இவ்வளவுதான். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே கிரிட் என்ற கம்பிவலையைச் சேர்த்தார். கிரிட்டில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம், ஆனோடு மின்னோட்டத்தைப் பெரிதும் மாற்றும். ஒலி பெருகுவது இதனால்தான்.

நாளடைவில் ஆக்சைடுப் பூச்சு தேய்கிறது. இழை எப்போதும்போல் ஒளிரும், எலெக்ட்ரான்களோ குறைந்துவிடும். ஆகவே நாம் அளக்க வேண்டியது மின்னோட்டத்தை.

கண்ணும் மல்ட்டிமீட்டரும்

முதலில் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் படலத்தைப் பாருங்கள். மிச்சமிருக்கும் வாயுக்களை ஈர்ப்பதற்காக இடப்பட்டது அது. அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு இனி உதவாது.

அடுத்து, 12ஏயூ7 என்ற வால்வை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் இதன் பெயர் இசிசி82. இதற்குள் இரண்டு டிரையோடுகள் உள்ளன. அடிப்பக்கத்தைப் பார்த்தபடி, இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் கால்களை எண்ணுங்கள். 4, 5ஆம் கால்களுக்கிடையே மின்தடையை அளங்கள். அளவு எதுவும் வராவிட்டால் இழை அறுந்துவிட்டது. 12.6 வோல்ட்டில் இழை 0.15 ஆம்பியர் எடுக்கும். ஓம் விதிப்படி அதன் மின்தடை 84 ஓம். ஆனால் மீட்டர் அதைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஏன்? உலோகம் சூடானால் மின்தடை கூடும். நீங்கள் அளப்பதோ குளிர்ந்த இழையை.

சோதனைக் கருவி

தேவையானவை: ஒன்பது கால் வால்வு சாக்கெட், 12 வோல்ட் நேர்மின் அடாப்டர், மூன்று 9 வோல்ட் பேட்டரிகள், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, 100 ஓம் மின்தடையம், மல்ட்டிமீட்டர்.

1. அடாப்டரை 4, 5ஆம் கால்களில் இணையுங்கள்.
2. மூன்று பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 27 வோல்ட் கிடைக்கும். அதன் எதிர்முனையை 3ஆம் காலில் (கேத்தோடு) இணையுங்கள். நேர்முனையை 100 ஓம் வழியாக 1ஆம் காலில் (ஆனோடு) இணையுங்கள்.
3. 2ஆம் காலை (கிரிட்) 3ஆம் காலுடன் இணையுங்கள்.
4. இரண்டு நிமிடம் சூடானபின், மின்தடையத்தின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளங்கள். 100 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லிஆம்பியர்.
5. கிரிட்டைக் கேத்தோடிலிருந்து பிரித்து, இடையில் 1.5 வோல்ட் பேட்டரியை வையுங்கள். எதிர்முனை கிரிட் பக்கம் இருக்கட்டும். மின்னோட்டம் பெருமளவு குறைந்தால் கிரிட் வேலை செய்கிறது.

மற்ற டிரையோடுக்கு 6, 7, 8ஆம் கால்கள் முறையே ஆனோடு, கிரிட், கேத்தோடு. இரண்டின் அளவுகளையும், நல்லதென்று தெரிந்த இன்னொரு 12ஏயூ7இன் அளவுகளையும் ஒப்பிடுங்கள். வால்வு சுடும், கையால் தொடாதீர்கள்.

எல்லை எங்கே?

சற்றே தேய்ந்த வால்வு, இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் நல்லதுபோல் தோன்றலாம். தயாரிப்பாளர் அட்டவணைப்படி, 12ஏயூ7இன் ஆனோடில் 250 வோல்ட்டும் கிரிட்டில் −8.5 வோல்ட்டும் இருந்தால் 10.5 மில்லிஆம்பியர் பாய வேண்டும். முழுச் சோதனை என்பது அதுதான். ஆனால் 250 வோல்ட் நேர்மின்சாரம் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆம்ப்ளிஃபையரின் மின்தேக்கிகள், பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். எனவே மூடியைத் திறந்து வால்வைக் கழற்றுவதையும் முழுச் சோதனையையும் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் மேசையில் 27 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள்.