முழுக்கட்டுரையைத் தேடும் கலை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு நடுவே, 18,720 தொழிலாளர் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற வல்லம் வடகாலில், ஓர் ஆலையின் மருத்துவ அறையில் இரவு ஷிப்டு பார்க்கும் செவிலியரிடம், இயந்திரத்தில் பாயும் கூலண்ட் நாள்தோறும் பட்டுச் சிவந்து வெடித்த முன்கையுடன் ஒரு தொழிலாளி வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். எந்தக் களிம்பு நன்மை பயக்கும், எந்தக் கையுறை காக்கும், வேலையை மாற்றித்தான் ஆகவேண்டுமா என்ற கேள்விகளை முன்பே ஆராய்ந்தவர்கள் உலகில் பலர் உண்டு. அவர்கள் எழுதியது இந்தச் செவிலியரின் கைக்கு எட்டுகிறதா என்பதே நம் விஷயம்.

இணையத்தில் எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் கட்டுரையின் சுருக்கம் மட்டுமே. எத்தனை பேரிடம் சோதித்தார்கள், யாரை விலக்கினார்கள், மருந்தின் அளவு என்ன, தீய விளைவு எவருக்கு நேர்ந்தது என்பன போன்ற, சிகிச்சையை நிர்ணயிக்கும் விவரங்களெல்லாம் உள்ளேயுள்ள அட்டவணைகளில் இருக்கின்றன. ஆகையால் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வைத்தியம் செய்யத் துணிவது ஆபத்தானது.

தேடலின் முதற்படி பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1996 இல் தொடங்கி, 1997 முதல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்ட இந்தத் தளத்தில், மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் குறிப்புகள் இருக்கின்றன. ஆலையில் எல்லோரும் ‘கூலண்ட்’ என்று சொல்லும் திரவத்தை ஆராய்ச்சியாளர்கள் ‘மெட்டல்வொர்க்கிங் ஃப்ளூயிட்’ என்று எழுதுகிறார்கள். தொழிலால் வரும் தோலழற்சிக்கு அந்நூலகம் ‘டெர்மடைடிஸ், ஆக்குபேஷனல்’ என்ற பொருள்தலைப்பை வகுத்திருக்கிறது. அத்தலைப்பையும் அத்திரவத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுகிறவருக்குச் சில நிமிஷங்களில் புலப்படும் கட்டுரைகள், பேச்சுவழக்குச் சொல்லோடு நின்றுவிடுகிறவருக்கு நெடுநேரம் தேடினாலும் அகப்படாமற் போகலாம். இலவச முழுக்கட்டுரைகளை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்று பக்கத்தின் ஓரத்தில் உண்டு. அதைத் தொடக்கத்திலேயே அழுத்திவிட்டால், கட்டணத்துக்கு உட்பட்ட சிறந்த ஆய்வு கண்ணிலேயே படாமற் போய்விடும். முதலில் சிறந்த கட்டுரை எதுவென்று தீர்மானித்துக்கொண்டு, பிறகுதான் அதன் முழு வடிவத்துக்கு வழி தேட வேண்டும்.

அந்த வழிகள் பல. 2000 ஆம் ஆண்டில் தோன்றிய பப்மெட் சென்ட்ரல் என்னும் களஞ்சியத்தில் அக்கட்டுரை இருந்தால், குறிப்புக்கு அருகிலேயே இணைப்பு தென்படும். இல்லையெனில், தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுள் ஸ்காலரில் தேடி, அடியிலுள்ள ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து பார்த்தால், ஆசிரியர் தம் பல்கலைக்கழகத் தளத்தில் வைத்துள்ள பிரதி கிடைக்கக்கூடும். உலாவியில் சேர்த்துக்கொள்ளும் அன்பேவால் என்ற கருவி, சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்கேனும் இருந்தால் பச்சை நிறப் பூட்டைக் காட்டி அங்கே அழைத்துச் செல்கிறது. இவை யாவும் பயனளிக்காதபோது, கட்டுரையாசிரியரின் மின்னஞ்சலுக்கு மரியாதையாக நான்கு வரி எழுதிக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. தம் உழைப்பு நோயாளிக்கு உதவுவதில் மகிழ்ந்து பிரதியை அனுப்பிவைக்கும் ஆராய்ச்சியாளர் பலர்.

பப்மெட் சென்ட்ரல் போன்ற திறந்த களஞ்சியத்தின் பயனுக்கு நம் சென்னையே சாட்சி. 1956 இல் இங்கு நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துக் காப்பதற்கு ஏறத்தாழ இணையான பலனை, போதிய உணவும் ஓய்வும் வாய்க்காத எளிய வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பெறலாம் என்று நிரூபித்து, 1959 இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட தொண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கட்டுரை, இன்று பப்மெட் சென்ட்ரலில் முழுமையாக, காசு செலவில்லாமல் கிடைக்கிறது.

கட்டணத்துக்கு உட்பட்ட இதழ்களுக்கும் இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் மத்திய அரசு நடைமுறைப்படுத்தியுள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, முப்பது பிரசுர நிறுவனங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, 6,300 அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. இது பாராட்டுக்குரிய பெருஞ்செயல்; எனினும் அரசு மருத்துவக் கல்லூரி மாணவருக்குக் கிடைக்கும் இந்தச் சௌகரியம், கல்வி நிறுவனமல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆலையின் மருத்துவ அறைக்கோ எட்டவில்லை. சீர்காழியில் பிறந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ். ஆர். ரங்கநாதன், வாசகரின் காலம் விரயமாகாமல் காப்பது நூலகத் தொழிலின் விதிகளுள் ஒன்று என்று 1931 இலேயே வகுத்துரைத்தார். நோயாளி காத்திருக்கும் இடத்தில் அவ்விதியின் அவசியம் பன்மடங்கு பெருகுகிறது.

ஆதலால், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி நூலகர்கள், உரிமை விதிகள் அனுமதிக்கும் அளவில், இவ்வட்டாரச் செவிலியருக்கும் வைத்தியருக்கும் கட்டுரை தேடித் தருவதையும் தேடும் முறையைக் கற்பிப்பதையும் தம் கடமையாக ஏற்க வேண்டும். ஆலை நிர்வாகங்கள் அந்தப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்க வேண்டும். மருத்துவப் பணியிலுள்ள வாசகர்களே, அடுத்த முறை ஐயம் எழும்போது சுருக்கத்தோடு நின்றுவிடாமல் முழுக்கட்டுரையைத் தேடிப் படியுங்கள். கிடைக்காவிட்டால் தயங்காமல் ஒரு நூலகரிடம் கேளுங்கள்.