சப்ரகமுவத் தோட்டங்களின் கலைப் பருவம்: மாசி முதல் ஆவணி வரை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் அடுத்து என்ன கலைநிகழ்ச்சி நடக்கவிருக்கிறது என்று அறிய விரும்புவோருக்கு நகரத்துச் சுவரொட்டிகள் பெரிதாக உதவுவதில்லை. ஏனெனில் இங்குள்ள தமிழ் மக்களின் முதன்மையான நிகழ்கலைகள் இன்றும் நுழைவுச்சீட்டோ அரங்கமோ இல்லாமல், பஞ்சாங்கமும் மழையும் சம்பள நாளும் சேர்ந்து குறித்துக்கொடுக்கும் இரவுகளில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயங்களை அடுத்த வெளிகளில் நடந்துவருகின்றன.

இம்மூன்றில் மழைக்கே முதலிடம். இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையும் அதற்குப் பின் இடைப்பருவ மழையும் பிடித்துக்கொள்வதால், திறந்தவெளியில் விடியவிடிய ஆடத்தக்க இரவுகள் பெரும்பாலும் ஆண்டின் முதல் மூன்று மாதங்களிலேயே கிடைக்கின்றன. களுகங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்த 2003, 2017ஆம் ஆண்டு வெள்ளங்களும் அரநாயக்கவில் மலை சரிந்த 2016ஆம் ஆண்டு அனர்த்தமும் மே மாதத்திலேயே நேர்ந்தன என்பதை நினைத்தால், வைகாசிக்குப் பின் எவரும் கூத்துக்கு நாள் குறிக்கத் தயங்குவது ஏனென்று விளங்கும். வறண்ட அந்த மாதங்களில்தான் இறப்பர் மரங்களும் இலையுதிர்த்துத் துளிர்க்கின்றன. பால் குறைந்து வெட்டு தளரும் அக்காலம், எட்டியாந்தோட்டை, தெரணியகலை போன்ற இறப்பர் பகுதிகளில் கூத்துப் பழகுவதற்கு ஓரளவு தோதாக அமைகிறது எனலாம்.

பருவத்தின் தலையாய நிகழ்ச்சி காமன் கூத்து. சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவதும், ரதி புலம்பி வேண்டியதால் மீண்டும் உயிர்பெறுவதும் இதன் கதை. மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையளவில், கரும்பு, ஆமணக்கு முதலியவற்றைக் கட்டிய கம்பம் ஒன்று காமன் பொட்டல் எனப்படும் வெளியில் நடப்படுகிறது. இதைக் காமன் ஊன்றுதல் என்பர். அன்று முதல் பௌர்ணமி வரை இரவுதோறும் ஆட்டமும் பாட்டும் நடக்க, ரதி மன்மதன் வேடம் புனைந்தோர் விரதம் காத்து லயம் லயமாகச் சென்று ஆடுகின்றனர். ரதி வேடத்தை ஆண்களே புனைவது வழக்கம். தஞ்சைப் பகுதியில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடும் மரபு வளர்ந்ததென்றால், மலையகத்தில் வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி என வேடங்கள் பெருகி முழுத் தோட்டமும் நடிகர்களாக மாறும் பெருங்கூத்தாக அது வளர்ந்திருக்கிறது. இறுதி இரவில் கம்பம் எரிக்கப்படுகிறது. பௌர்ணமி நாள் இலங்கையில் பொது விடுமுறை என்பதால், கொழும்புக் கடைகளில் வேலைபார்க்கும் இளைஞர்களில் பலருக்கு ஊர்திரும்ப அது வாய்ப்பாகிறது; பிற்காலத்தில் வந்த இந்த வசதியும் கூத்தின் ஆயுளை நீட்டியிருக்கக்கூடும்.

கூத்தை நடத்திச்செல்வது தப்பு. வட்டச் சட்டத்தில் இழுத்துப் பொருத்திய தோலை நெருப்பில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்கும்போது மட்டுமே அடிக்கத் தொடங்குவர். பனி இறங்கினால் தோல் தளர்ந்து ஒலி மந்தமாகிவிடும் என்பதால் பொட்டலின் ஓரத்தில் இரவு முழுவதும் தீ அணையாமல் காக்கப்படுகிறது. பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை வேலைப் பகிர்வுக்கு, தொழிலாளரை எழுப்பியதும் இதே தப்புத்தான். அதை அடிப்போரைச் சாதியோடு சேர்த்து இழிவாகப் பார்த்த வழக்கமே, வறுமையைவிடவும், அடுத்த தலைமுறையை இக்கருவியிலிருந்து விலக்கியது என்று சொல்வது மிகையாகாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதும், 1977, 1983 வன்செயல்களால் பல குடும்பங்கள் வடக்குக்குப் பெயர்ந்ததும் கூத்துக் குழுக்களைச் சிதறடித்தன. சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகள்போல் கிடக்கும் இப்பகுதித் தோட்டங்களில் விட்டுப்போன வேடத்துக்கு அயலிலிருந்து ஆள் பிடிப்பது, நுவரெலியாவில் உள்ளதுபோல் எளிதன்று.

மாசிக்குப் பின் மாரியம்மன் திருவிழாக்கள் தொடர்கின்றன. கரகம், காவடி, தீமிதிப்பு, மஞ்சள் நீராட்டு என்று பகல்கள் கழிய, இரவுகளில் சில இடங்களில் பொன்னர் சங்கர் கதையும், உயர்ந்த தபசு மரத்தின்மீது ஏறிப் பாடும் அருச்சுனன் தபசும், பெரும்பாலான இடங்களில் திரைப்பாடல் இசைக்குழுவும் இடம்பெறுகின்றன. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி வைத்துச் செலவு திரட்டப்படுவதால், கோயில் கமிட்டியார் சம்பள நாளையும் கணக்கில் கொண்டே திருவிழாவுக்கு நாள் வைக்கின்றனர்.

நகரத்துக் காலக்கணக்கு வேறு. சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்குடன் முடிகிறது. பருவம் தொடங்கும்போது சமன் தெய்வத்தின் உருவம் பெல்மதுளை கல்பொத்தாவல விகாரையிலிருந்து ஊர்வலமாக மலைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்தின் பெரஹெரா ஓகஸ்ட், செப்டெம்பர் அளவில், மழையையும் பொருட்படுத்தாமல், நடைபெறுகிறது. மலைநாடு, தாழ்நாடு என்பவற்றோடு சிங்கள ஆடலின் மூன்றாம் மரபாகக் கொள்ளப்படும் சப்ரகமுவ நடனத்தை, அதற்கேயுரிய தவுல் முழக்கத்துடன் காண அதைவிட நல்ல இடமில்லை. தப்புக்குப் பழகிய காதுக்கு அம்முழக்கம் முற்றிலும் அந்நியமாகவும் படுவதில்லை.

மண்டபத்துக்குள் தமிழ்க் கலைகளைக் காண விரும்புவோர் தமிழ்மொழித் தினப் போட்டிகளைக் கவனிக்கலாம். பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக ஏறித் தேசிய மட்டம் வரை செல்லும் இப்போட்டிகளில் நாடகமும் வில்லுப்பாட்டும் நாட்டார் பாடலும் அரங்கேறுகின்றன. இரவு முழுவதும் நீளும் கூத்தொன்று அங்கே சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுவது குறைதான். ஆயினும் வீட்டில் தப்பைத் தொட அனுமதிக்கப்படாத பிள்ளை மேடையில் அதை அடித்துப் பரிசு பெறுவதும் அங்கேதான் நிகழ்கிறது. காமன் கூத்தையே காண விரும்புவோர் மாசி பிறந்ததும் தோட்டத் தலைவரையோ கோயில் கமிட்டியாரையோ விசாரித்து, எரிப்பு நள்ளிரவுக்குப் பின்னரே நடக்கும் என்பதால் கடைசி பஸ்ஸை நம்பாமல், தங்க ஏற்பாடு செய்துகொண்டு செல்வது நல்லது.