அடைப்பு எங்கே என்று பார்த்துவிட்டுக் கையை வைப்போம்



போன மாதக் கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களைப் படித்துக்கொண்டிருந்தோம். பெட்டிக்கடை, கறவை மாடு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று வழக்கமானவைதான். நடுவில் ஒன்று: ‘பாத்ரூம் தரை போட ரூ.4,000.’ விசாரித்தபோது கதை தெரிந்தது. பாத்ரூமில் தண்ணீர் தேங்குகிறது என்று ஆள் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் தரையை உடைச்சாத்தான் ஆகும் என்று சொல்லி உடைத்தும் விட்டார். உள்ளே ஒன்றுமில்லை. வீட்டுக்கு வெளியே இருக்கிற சேம்பரில் பழைய துணி ஒன்று சிக்கியிருந்தது! மூடியைத் தூக்கி ஒரு கம்பால் இழுத்திருந்தால் முடிந்திருக்கும். கடனைக் கொடுத்தோம், வேறென்ன செய்வது? இன்னொரு வீட்டில் இப்படி நடக்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறோம்.

தண்ணீர் போகவில்லை என்றால் உடனே குச்சியை எடுத்துக் குத்தாதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லா இடத்திலும் ஒவ்வொரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சமையலறை சிங்க்கில் மட்டும் நிற்கிறது, மற்ற இடத்தில் சரியாகப் போகிறது என்றால் கோளாறு அந்த சிங்க்கின் குழாயில்தான். எல்லா இடத்திலும் மெதுவாகப் போனாலோ, கக்கூஸில் தண்ணீர் ஊற்றும்போது பாத்ரூம் ஓட்டையில் ‘குளுகுளு’ என்று குமிழி வந்தாலோ, அடைப்பு பொதுக் குழாயில் இருக்கிறது. அப்போது வெளியே போய் சேம்பர் மூடியைத் தூக்குங்கள். தூக்கியதும் முகத்தை உள்ளே நீட்ட வேண்டாம். கொஞ்ச நேரம் தள்ளி நின்று காற்று போகட்டும். சேம்பர் காலியாக இருந்தால், அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். நிரம்பி நின்றால், அடைப்பு சேம்பரைத் தாண்டி இருக்கிறது. அப்படியானால் வீட்டுத் தரையில் கை வைக்க அவசியமே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே, வருகிற ஆளிடம் ‘இங்கே பாருங்க’ என்று நாமே சொல்லலாம்.

சிங்க் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நம் கைவேலைதான். சோற்றுப் பருக்கை, டீத்தூள், தேங்காய் நார், எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணெய். சூடாக ஊற்றும்போது ஓடிவிடும்; குழாய்க்குள் ஆறியதும் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர் சேர்ந்தால் பசை மாதிரி ஆகிவிடும். சிங்க்குக்குக் கீழே குப்பி போல அல்லது வளைவாக ஒரு பாகம் இருக்கும். கீழே வாளி வைத்துக்கொண்டு கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளே இருக்கிற அழுக்கை எடுத்துக் கழுவி, ரப்பர் வாசரை மறக்காமல் வைத்து மாட்டுங்கள். வாசரைத் தொலைத்துவிட்டு மறுநாள் ஒழுகுகிறது என்று சொல்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

வெந்நீர் ஊற்றலாமா என்று கேட்பார்கள். கை பொறுக்கும் சூட்டில் ஊற்றலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகி, ஒட்டிய இடம் விட்டுப்போகும். வடித்த கஞ்சிக்கும் இதேதான். ஆப்பச்சோடாவும் வினிகரும் ஊற்றினால் நுரை நன்றாக வரும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். இறுகிப்போன எண்ணெயை அது பெரிதாக அசைக்காது.

பாத்ரூம் ஓட்டையில் ஜாலிக்குக் கீழே ஒரு கிண்ணம் இருக்கும். நஹானி டிராப் என்பார்கள். அதில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. தண்ணி சீக்கிரம் போகணும்னு அந்தக் கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிடுகிறோம், அப்புறம் நாறுது நாறுது என்கிறோம்! வாரம் ஒருமுறை ஜாலியைத் தூக்கி முடியை எடுத்தாலே போதும். ஊருக்குப் போய்த் திரும்பியதும் நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம். கிண்ணத்துத் தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு சொம்பு ஊற்றினால் சரியாகிவிடும்.

கூச்சப்படாமல் இதையும் சொல்லிவிடுகிறோம். நாப்கினைக் கக்கூஸில் போடாதீர்கள். தண்ணீரில் ஊதிப் பெரிதாகி வளைவில் உட்கார்ந்துகொள்ளும், கரையாது. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். வயசுப் பெண்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். வீட்டில் அதற்கென்று மூடி போட்ட ஒரு டப்பா இருந்தால் அவர்களும் ஒளித்துப் போட மாட்டார்கள்.

இனி ஆசிட். அடைப்பு என்றதும் ஆசிட் பாட்டிலை எடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காலையில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு, போகலையே என்று மேலே ஆசிட் ஊற்றினால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றால் மூச்சே நின்றுவிடலாம். அடைப்பு நீக்கும் பவுடரில் இருப்பது காஸ்டிக் சோடா. அதோடு ஆசிட் சேர்ந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஒன்று போட்ட இடத்தில் இன்னொன்றைப் போடவே கூடாது. தப்பித் தவறி நெடி வந்தால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சேம்பரும் நிரம்பி, செப்டிக் டேங்க்கும் நிரம்பியிருக்கிறது என்றால் அது நம் வேலை இல்லை. லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுப்பதுதான் வழி. 500 ரூபா குறையுதே என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள், வீட்டு ஆம்பளைகளையும் சேர்த்துத்தான். உள்ளே இருக்கும் வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கச் சொல்கிறவருக்கு முதல் முறையே 2 வருடம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. வேலைக்கு விட்ட வீட்டுக்காரரும் அதில் அடக்கம். நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். 14420 என்ற எண்ணிலும் கேட்கலாம். டேங்க் பக்கத்தில் தீக்குச்சி, பீடி கூடவே கூடாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் நிரம்பி வழியும் நிலையே வராது.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகள், தரை மூடுவதற்கு முன்னால் கொத்தனாரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நாலு இஞ்ச் குழாய்க்கு 10 அடி நீளத்தில் 3 இஞ்ச் சரிவு இருக்கிறதா? வளைவு வரும் இடத்தில் திறந்து பார்க்கிற மாதிரி டோர் பெண்ட் போட்டாரா? ‘எல்லாம் சரியா இருக்கும்மா’ என்றால் விடாதீர்கள், டேப்பை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கூட்டமைப்பு அலுவலகத்தில் ரப்பர் பிளஞ்சர் ஒன்று, 15 அடி ஸ்பிரிங் கம்பி ஒன்று, ரப்பர் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறோம். பிளஞ்சரை அழுத்தும்போது பக்கத்து ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும். வேண்டுகிறவர்கள் குழுவின் பெயரை நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுங்கள்.