தொட்டியில் வளரும் கடற்பூக்கள்

மலேசியாவின் சித்தியவான் போன்ற உஷ்ணப் பிரதேசத்தில், பவளத்துக்கு உறவான சோவாந்திட் என்னும் ஜீவிகளைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்போர், நீரின் உஷ்ணம் 24 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் நிற்கும்படி குளிரூட்டும் கருவியோ மின்விசிறியோ அமைத்து, ஆவியாகிக் குறையும் அளவுக்கு உப்பில்லாத சுத்த ஜலத்தையே ஊற்றிவருவது அவசியம். ஏனெனில், நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கி, அதன் செறிவு ஏறிவிடும். சட்டைப் பொத்தான் அளவேயான அவற்றின் வட்ட முகங்கள் விளக்கொளியிலும் விரியாது நாள்கணக்கில் மூடிக்கிடந்தால், வெளிச்சம், நீரோட்டம், உப்பின் அளவு ஆகியவற்றை உடனே பரிசோதிக்கவேண்டும். இவ்வினத்தில் சிலவற்றினுள், 1971-ஆம் ஆண்டில் ஹவாய் விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்த பாலிடாக்சின் என்னும் கொடிய விஷம் உண்டு. ஆகையால், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இன்றி அவற்றைத் தொடாதீர்கள். அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரிலிட்டுச் சுத்தம் செய்யவும் முற்படாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசிப்பதே உயிருக்கு அபாயமாகும்.