பனிக்கட்டிக்குக் கடிவாளம் போடும் மீன்

சங்கரன்கோவில் மீன் கடையில் ஐஸுக்குள் கிடக்கிற மீன் செத்த மீன். ஐஸ் அதைக் கெடாமல் காக்கிறது. அதே ஐஸ் உயிருள்ள மீனின் ரத்தத்தில் முளைத்தால் கதை முடிந்தது. அப்படியிருக்க, பனிக்கட்டி மிதக்கும் அன்டார்க்டிகா கடலில் மீன் எப்படி நீந்துகிறது?

கணக்குப்படி அது உறைந்திருக்க வேண்டும். உப்பு மிகுந்த கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. சாதாரண மீனின் ரத்தத்தில் உப்பு குறைவு. அது மைனஸ் 0.7 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். 1960-களில் அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ பகுதியில் இதை ஆராய்ந்த அமெரிக்கர் ஆர்தர் டிவ்ரீஸ், அங்குள்ள மீன்களின் ரத்தத்தில் சர்க்கரை ஒட்டிய ஒருவகைப் புரதத்தைக் கண்டார். அதுதான் உறைவுத் தடுப்புப் புரதம்.

உப்பும் உறைவதைத் தள்ளிப்போடும். ஆனால் அதற்கு அளவு நிறைய வேண்டும். இந்தப் புரதம் கொஞ்சம் போதும். காரணம், அது நீரை விட்டுவிட்டு நேரே ஐஸைப் பிடிக்கிறது. ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத பனித்துகள் ஒன்று நுழைந்ததும், புரதங்கள் அதன் மேல் ஆங்காங்கே ஒட்டிக்கொள்ளும். இடைப்பட்ட இடத்தில் மட்டுமே ஐஸ் வளர முடியும். தையல் போட்ட இலவம்பஞ்சு மெத்தை போல, பிடித்த இடம் அமுங்கி நடுப்பகுதி புடைக்கும். இப்படி வளைந்த பரப்பில் மேலும் நீர் வந்து உறைய இன்னும் கடுமையான குளிர் தேவை. அந்தக் குளிர் வராதவரை துகள் வளராது. 1977-ல் ரேமண்டும் டிவ்ரீஸும் முன்வைத்த விளக்கம் இது. இதில் உறைநிலைதான் இறங்குகிறது. ஐஸ் உருகும் வெப்பநிலை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

சரி, நீருக்குள் இருந்துகொண்டே நீரை விட்டு ஐஸை மட்டும் அது எப்படி அடையாளம் காண்கிறது? ஹைட்ரஜன் பிணைப்புதான் காரணம் என்று முதலில் நம்பினார்கள். 1990-களில் ஒரு மீன் புரதத்தில் அந்தப் பிணைப்பைத் தரும் திரியோனின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு, அது தராத வாலினைப் பொருத்திப் பார்த்தார்கள். புரதம் அப்போதும் வேலை செய்தது. 2011-ல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டேவிஸ் குழுவினர் ஓர் அன்டார்க்டிகா பாக்டீரியாவின் உறைவுத் தடுப்புப் புரதத்தைப் படிக வடிவில் ஆராய்ந்தனர். அதன் தட்டையான பக்கத்தைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஐஸில் இருப்பதுபோலவே வரிசை கட்டி நின்றன. அந்த வரிசை ஐஸின் அடுக்கோடு பொருந்தி உறைந்ததும் புரதமும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது.

இந்தச் சரக்கு ஐஸ்கிரீமுக்கும் வந்துவிட்டது. ஈஸ்ட்டில் தயாரித்த மீன் வகைப் புரதத்தை உணவு ஐஸில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் அனுமதித்தது. ஐஸ்கிரீம் லேசாக இளகி மறுபடி உறையும்போது சின்னப் பனிப்பரல்கள் கரைந்து பெரியவை மேலும் பெரிதாகும். புரதம் அதைத் தடுக்கிறது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வாங்கிய, அது சேராத ஐஸ்கிரீம் நாக்கில் நறநறவென்று பட்டால், வழியில் எங்கோ குளிர் விட்டிருக்கலாம். அதைக் குழந்தைக்குக் கொடுக்காமல் வேறு கேளுங்கள்.