மனச்சிதைவு நோய்க்குச் சதவீதம் போடுவது எப்படி?

கேரளத்தின் கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு எழக்கூடிய சில சந்தேகங்கள்:

மாத்திரையால் காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. இனி ஊனச் சான்று கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்புண்டு. அளக்கப்படுவது அன்றாட வாழ்க்கை. குரல் அடங்கிய பிறகும் குளிக்க, நாலு பேரோடு பழக, வேலைக்குப் போக முடியாதவர்கள் பலர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் சேர்த்திருக்கிறது. முக்கிய சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும்.

ஸ்கேன் எடுப்பார்களா?

இல்லை, கேள்விகள்தாம். இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய 'ஐடியாஸ்' அளவுகோலை மத்திய அரசு 2002இல் ஏற்றது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை என நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் தொடங்கி எத்தனை ஆண்டு என்பதற்கும் 1 முதல் 4 வரை உண்டு. மொத்தம் 20, அதில் 7 வந்தால் 40 சதவீதம். நான்கிலும் 1 வாங்கியவருக்கு நோய் எட்டு ஆண்டு பழையதென்றால் அதற்கு 3. கூட்டினால் சரியாக 7.

மகள் வேலைக்கே போனதில்லையே?

வேலை என்றால் சம்பளம் மட்டுமல்ல. இல்லத்தரசிக்கு வீட்டு வேலையும் மாணவருக்குப் படிப்பும் பார்க்கப்படும்.

யாரிடம் கேட்பார்கள்?

முக்கியமாக, உடனிருந்து கவனிப்பவரிடம். பல வீடுகள் சறுக்குவது இங்கேதான். "குளிப்பானா?" என்றால் அம்மா "குளிப்பான் டாக்டர்" என்று முடித்துவிடுவார். தண்ணீர் கோரி வைத்து, பத்துத் தடவை கூப்பிட்டு, சோப்பைக் கையில் கொடுத்த பிறகுதான் அந்தக் குளியல் நடந்தது என்பதை மானம் கருதி விழுங்கிவிடுவார். தானாகச் செய்கிறாரா, சொன்னால் செய்கிறாரா, செய்துவிட வேண்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே மதிப்பெண் மாறும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மலையாளத்தில் தடுமாறினால் தமிழிலேயே சொல்கிறேன் என்று கேளுங்கள். பாதி புரிந்த கேள்விக்குத் தலையாட்டுவதில் லாபமில்லை.

களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் இந்தச் சான்று செல்லுமா?

இந்தியா முழுவதும் செல்லும். ஓய்வூதியம் மட்டும் அந்தந்த மாநில விதிப்படி.

எங்கே விண்ணப்பிப்பது?

இணையத்தில், யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு. அக்ஷயா மையத்தில் உதவுவார்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது முதல் மருந்துச் சீட்டையும் தேடி எடுத்துச் செல்லுங்கள். நோயின் வயதுக்கு அதுவே சாட்சி.