பதிவிறக்கத் தலைப்புவரியில் தமிழ்க் கோப்புப்பெயர்: வகை வரையறையின் பயனும் எல்லையும்

முன்னுரை

கடலூர், வடலூர் என்னும் ஊர்ப்பெயர்களைத் தாங்கிய இரு கோப்புகள் இணையத்திலிருந்து பதிவிறக்கப்படும்போது, இரண்டும் ‘??????’ என்னும் ஒரே பெயரைப் பெறும் வாய்ப்பு உண்டு. இப்பெயரிழப்பு நிகழும் முறையையும், அதனைத் தடுப்பதில் வகை வரையறைக்குள்ள பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தலைப்புவரியின் அமைப்பு

சேவையகம் அனுப்பும் கோப்பை உலாவியிலேயே காட்டுவதா, சேமிப்பதா, எப்பெயரில் சேமிப்பது என்பவற்றைக் ‘கன்டென்ட்-டிஸ்பொசிஷன்’ என்னும் தலைப்புவரி தெரிவிக்கிறது. இதற்கான நெறிமுறை 2011ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 6266 ஆகும். அதன்படி பெயரை உணர்த்தும் கூறுகள் இரண்டு. ஒன்று ‘ஃபைல்நேம்’, இது ஐஎஸ்ஓ 8859-1 எழுத்துத்தொகுதிக்கு உட்பட்டது, அத்தொகுதியில் தமிழ் எழுத்துகள் இல்லை. மற்றொன்று உடுக்குறி பெற்ற ‘ஃபைல்நேம்*’. இது யூடிஎஃப்-8 முறையில் தமிழையும் ஏற்கும். இரண்டும் வருமிடத்து உடுக்குறி பெற்றதற்கே முன்னுரிமை தருமாறு நெறிமுறை கூறுகிறது.

சான்றாக, ‘சிதம்பரம்’ என்னும் சொல் ஒருங்குறியில் 9 குறியெண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பெறுவதால் மொத்தம் 27 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரு பதினறும இலக்கங்களுமாக எழுதப்படுவதால், அச்சொல் தலைப்புவரியில் 81 குறிகளாக விரிகிறது.

நூலகமும் வகை வரையறையும்

நோடு.ஜேஎஸ் சூழலில் இத்தலைப்புவரியை உருவாக்கும் நூலகமும் ‘கன்டென்ட்-டிஸ்பொசிஷன்’ என்றே பெயர் பெறும். எக்ஸ்பிரஸ் சட்டகம் இதனைப் பயன்படுத்துகிறது. இந்நூலகத்தின் 0.5 பதிப்பு வரிசை ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. அதற்குரிய டைப்ஸ்கிரிப்ட் வகை வரையறைகள் டெஃபனிட்லி டைப்ட் தொகுப்பில் தனியே பேணப்படுகின்றன.

கோப்புப்பெயர் ஒரு சரம் என்றும், ‘ஃபால்பேக்’ எனப்படும் மாற்றுப்பெயர் ஒரு சரமாகவோ மெய், பொய் மதிப்பாகவோ அமையலாம் என்றும் இவ்வரையறை கூறுகிறது. அவ்விடத்தில் எண் இடப்பட்டால், நிரல் இயங்கும் முன்னரே பிழை வெளிப்படும்.

மாற்றுப்பெயரின் இயல்பு மதிப்பு ‘மெய்’. அந்நிலையில் நூலகம் ‘ஃபைல்நேம்*’ கூறில் தமிழ்ப்பெயரை முழுமையாக அனுப்பினும், ‘ஃபைல்நேம்’ கூறில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் ஒரு வினாக்குறியை இடுகிறது. கடலூர், வடலூர் ஆகிய இரண்டும் 6 குறியெண்கள் கொண்டவை. எனவே இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘ஃபைல்நேம்’ கூறை மட்டும் படிக்கும் நிரல் ஒன்று இவ்விரண்டையும் ஒரே கோப்புறையில் சேமிக்குமாயின், பின்வந்த கோப்பு முன்வந்ததை அழித்துவிடக்கூடும். ‘பொய்’ என அமைத்தால் ‘ஃபைல்நேம்*’ மட்டுமே செல்லும். உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்த பெயரைச் சரமாகத் தந்தால், இரு கூறுகளிலும் ஊர்கள் வேறுபட்டு நிற்கும்.

வகை வரையறையின் எல்லையும் இவ்விடத்தே புலப்படுகிறது. மாற்றுப்பெயரைத் தமிழிலேயே தந்தாலும் அது சரமே ஆதலின் வகைச் சோதனை அதனை ஏற்கும். நூலகமோ இயக்க நேரத்தில் அதனை மறுத்துப் பிழை எழுப்பும். ‘சரம்’ என்னும் வகை எழுத்துத்தொகுதியைச் சுட்டுவதில்லை என்பதே காரணம்.

முடிவுரை

வகை வரையறை உள்ளீட்டின் வடிவத்தைக் காக்கும். பெயரின் மொழியைக் காப்பது நிரலாளரின் பொறுப்பு. தமிழ் ஆவணங்களை வழங்கும் தளங்கள் தமிழ்ப்பெயருடன் ஒலிபெயர்த்த மாற்றுப்பெயரையும் தருவதும், அதனைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே சோதிப்பதும் இன்றியமையாதன.